ரத்த உறைவு, அழற்சி, காம்ப்ளிமென்ட்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளில் வசிப்பவர்கள் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் இவை. ஒருவர் ரத்தம் கட்டுவதைப் பற்றிக் கேட்கிறார். இன்னொருவர் வீக்கத்தையும் காய்ச்சலையும் பற்றி. மற்றொருவர் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி. மூன்றும் தனித்தனி விஷயங்கள் அல்ல, ஒரே தற்காப்பின் வெவ்வேறு வேலைகள் என்பதையும், ஒன்றில் கைவைத்தால் மற்றவையும் மாறும் என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இதை மனத்தில் இருத்திப் படித்தால் கீழே வரும் விடைகள் எளிதில் பிடிபடும். இவை உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று ஆகா.

காம்ப்ளிமென்ட் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதே, அது என்ன?

ரத்தத்தின் திரவப் பகுதியில் எப்போதும் சுற்றிவரும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் தொகுதிக்கு அந்தப் பெயர். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. 1890களில் பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய பெல்ஜிய மருத்துவர் ஜூல் போர்தே, ஒரு நோய்க்கு எதிர்ப்பு பெற்ற விலங்கின் ரத்தநீர் அந்நோய்க் கிருமிகளைக் கரைத்துவிடுவதையும், அதைச் சுமார் 56 டிகிரி வரை சூடாக்கினால் அந்தத் திறன் போய்விடுவதையும், சாதாரண விலங்கின் புதிய ரத்தநீரைச் சிறிது சேர்த்தால் திறன் திரும்பிவிடுவதையும் கண்டார். சூட்டைத் தாங்குவது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). தாங்காதது, பின்னாளில் காம்ப்ளிமென்ட் என்று பெயர்பெற்றது. 1919ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு போர்தேவுக்குக் கிடைத்தது.

இந்தப் புரதங்கள் மூன்று வழிகளில் விழித்துக்கொள்கின்றன. எதிர்ப்பொருள் கிருமியின்மீது ஒட்டுவது ஒரு வழி. கிருமியின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளை அடையாளம் காண்பது இன்னொரு வழி. மூன்றாவது, எப்போதும் மெல்ல எரிந்துகொண்டே இருந்து, பாதுகாப்பில்லாத பரப்பு கிடைத்தவுடன் பெருகும் வழி. மூன்றும் சி3 என்னும் புரதத்தில் வந்து சேர்கின்றன. சி3 வெட்டுப்பட்டால் பெரிய துண்டு கிருமியின்மேல் ஒட்டி, வெள்ளணுக்கள் அதை விழுங்க வழிசெய்கிறது. சி3ஏ, சி5ஏ என்னும் சிறு துண்டுகள் வெள்ளணுக்களை வரவழைத்து, ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன. அழற்சியில் நாம் காணும் சிவப்பும் வீக்கமும் ஓரளவுக்கு இதனால் வருபவையே. கடைசியில் சி5பி முதல் சி9 வரையிலான புரதங்கள் ஒன்றுகூடிக் கிருமியின் சவ்வில் துளையிடுகின்றன. நம் சொந்தச் செல்களின்மேல் சிடி55, சிடி59 என்னும் காவல் புரதங்களும், ரத்தத்தில் ஹெச் காரணியும் இருப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம்.

இதற்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு? அடிபட்டால்தானே ரத்தம் உறையும்?

அடிபட்டால் உறையும் என்பது உண்மை. ஆனால் கிருமி புகுந்தாலும் உறையும். அது விபத்தல்ல, தற்காப்பு.

உறைதலின் வேதியியலை முதலில் பார்ப்போம். குழாய்ச் சுவர் கிழிந்தால் அதற்கு வெளியே இருக்கும் திசுக் காரணி ரத்தத்தைத் தொடுகிறது. அது 7ஆம் காரணி என்னும் உறைபுரதத்தோடு சேர்ந்து 10ஆம் காரணியைத் தூண்ட, அது த்ராம்பினை உருவாக்க, த்ராம்பின் ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. ஒரு நொதி அடுத்த நொதியை வெட்டி எழுப்பும் இந்தத் தொடரை 1964இல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் அமெரிக்காவில் டேவி, ரட்னாஃப் இருவரும் தனித்தனியே முன்வைத்தார்கள். காம்ப்ளிமென்ட்டும் இதே முறையில் இயங்குகிறது. இரண்டிலும் வேலைசெய்யும் முக்கிய நொதிகள் செரின் புரோட்டியேஸ் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உறவுமுறையோடு இது நின்றுவிடவில்லை. ஒன்றின் நொதி மற்றொன்றின் புரதத்தை நேரடியாகவே வெட்டுகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சி3 அறவே இல்லாத எலிகளிலும் சி5ஏ உண்டாவது தெரிந்தது. சி3 இல்லாவிட்டால் சி5 வெட்டுப்படக் கூடாது என்பதுதான் பாடநூல் விதி. அந்த எலிகளில் வெட்டியது த்ராம்பின். எதிர்த்திசையிலும் பாதை உண்டு: சி5ஏ பட்ட வெள்ளணுக்கள் திசுக் காரணியைத் தங்கள் மேற்பரப்பில் காட்டத் தொடங்கி, உறைதலை ஆரம்பித்துவைக்கின்றன. சர்க்கரையை அடையாளம் காணும் வழியின் நொதி ஒன்று, த்ராம்பினின் முன்வடிவமான புரோத்ராம்பினையே வெட்டுகிறது. 12ஆம் காரணி, காம்ப்ளிமென்ட்டின் முதல் படியான சி1ஐத் தூண்டுகிறது. சி1 தடுப்பான் என்னும் ஒரே புரதம் இரண்டு பக்கத்தையும் அடக்கிவைக்கிறது.

2004இல் மற்றொரு கண்டுபிடிப்பு வந்தது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு, கிருமியை எதிர்கொள்ளும்போது தன் மரபணு இழைகளையே வெளியே உமிழ்ந்து அதைச் சிக்கவைக்கிறது. அந்த இழைகளில் தட்டணுக்களும் (பிளேட்லெட்) உறைகாரணிகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணிய ரத்தக்குழாயில் கிருமியை ஓர் உறைகட்டிக்குள் அடைத்துப் பரவாமல் நிறுத்தும் இந்தச் செயலை 2013இல் மியூனிக் ஆய்வாளர்கள் நோயெதிர்ப்பு உறைவு என்று விளக்கினார்கள். குதிரைலாட நண்டு என்னும் பழங்கால உயிரினத்தின் ரத்தம், பாக்டீரியாவின் நச்சுப்பொருள் பட்டவுடனே உறைந்துவிடுகிறது. ஊசி மருந்துகளில் அந்த நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்கப் பல ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறார்கள். காயத்தை மூடுவதும் கிருமியை அடைப்பதும் அதற்கு ஒரே வேலை. நாமும் அதிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை என்பதே என் கருத்து.

இந்தத் தற்காப்பு ஓரிடத்தில் நிற்காமல் உடல் முழுவதும் பரவினால் ஆபத்து. ரத்தத்தில் கிருமி பெருகிய நோயாளிக்கு ஒரே சமயத்தில் சிறு குழாய்கள் அடைபடுவதும், உறைகாரணிகள் தீர்ந்துபோய் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிவதும் அதனால்தான்.

ஈ.எஸ்.ஆர். அதிகமாக இருக்கிறது. எனக்கு ரத்தம் கட்டிக்கொள்ளுமா?

அப்படிப் பொருள் இல்லை. அழற்சி உண்டானால் இன்டர்லூக்கின்-6 என்னும் சமிக்ஞை கல்லீரலை எட்டி, ஃபைப்ரினோஜனை அதிகமாகச் சுரக்கவைக்கிறது. ஃபைப்ரினோஜன் கூடினால் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கனமாகி, நிறுத்திவைத்த குழாயில் வேகமாகக் கீழிறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதே அந்த எண். ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் முதுமையிலும்கூட அது கூடும். உறைதலுக்கான புரதத்தை வைத்து அழற்சியை அளக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அழற்சியைக் காட்டும் மற்றொரு ரத்தப் புரதமான சி.ஆர்.பி. இன்னும் விரைவானது, தொற்று தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, தணிந்ததும் இறங்கிவிடும். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட இந்தப் புரதமும் காம்ப்ளிமென்ட்டைத் தூண்டக்கூடியதுதான்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வயலில் பாம்பு கடித்தவருக்கு மருத்துவமனையில் ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்துச் சும்மா வைத்துவிடுகிறார்கள். ஏன் உடனே மருந்து போடுவதில்லை?

சும்மா வைப்பதல்ல, அதுவே சோதனை. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது; தண்ணீர்போல் ஓடினால் உறைகாரணிகள் தீர்ந்துவிட்டன என்று பொருள், விஷமுறிவு மருந்து உடனே தேவை. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், ஏனெனில் கண்ணாடிப் பரப்புதான் 12ஆம் காரணியைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தவறான முடிவைத் தரும். முதலில் உறைந்துவிட்டது என்றால் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், விஷம் மெல்ல ஏறலாம் என்பதால். மருந்து போட்ட பிறகு ஆறு மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்ப்பதற்கும் காரணம் உண்டு: தீர்ந்துபோன காரணிகளைக் கல்லீரல் மறுபடி உருவாக்க அந்த நேரம் வேண்டும். கண்முன்னே விஷத்தின் அறிகுறிகள் தெரிந்தால், அல்லது ரத்தம் கசியத் தொடங்கியிருந்தால், இந்தச் சோதனைக்காக மருந்தை நிறுத்திவைப்பதில்லை.

கண்ணாடி விரியனின் விஷத்தில் 10ஆம் காரணியையும் 5ஆம் காரணியையும் நேரடியாகத் தூண்டும் நொதிகள் உள்ளன. உடலெங்கும் உறைதல் ஒரே சமயத்தில் தொடங்கி, ஃபைப்ரினோஜன் காலியாகி, முடிவில் ரத்தம் உறையாமல் போகிறது. நல்ல பாம்பின் விஷம் முக்கியமாக நரம்பைத் தாக்குகிறது. ஆனால் அதில் சி3யைப் போலவே நடிக்கும் ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் முழுவதையும் அது செலவழித்துவிடும் என்பதால், ஆய்வுக்கூடங்களில் காம்ப்ளிமென்ட் இல்லாத விலங்கு எப்படி இருக்கும் என்று அறிய நெடுங்காலமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. இந்த நாட்டில் பாம்புக்கடி மருத்துவம் அந்த மக்களின் கைத்திறனை நம்பி நிற்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். கடிபட்ட இடத்தைக் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மழைக்குப் பிறகு தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வருகிறது, அதில் பெருகும் கொசுவால் டெங்குவும் வருகிறது. இரண்டிலும் தட்டணு குறைகிறதே, எப்படி வேறுபடுத்துவது?

புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் இது வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. வேறுபடுத்துவது ரத்தப் பரிசோதனையால்தான். வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா, நம் செல்களைக் காக்கும் ஹெச் காரணியைத் தன் மேனியில் ஒட்டவைத்துக்கொண்டு காம்ப்ளிமென்ட்டிடமிருந்து தப்புகிறது. டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதமோ காம்ப்ளிமென்ட்டைத் தூண்டிவிடுகிறது. ரத்தக்குழாயிலிருந்து திரவம் வெளியே கசிவதில் அதற்கும் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் கருத்து.

டெங்குவில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அஞ்ச வேண்டியது அந்தக் கசிவைத்தான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு, கைகால் சில்லிடுதல் இருந்தால் உடனே செல்லுங்கள். ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் பி.சி.வி. அளவு ஏறுவதை மருத்துவர்கள் கவனிப்பார்கள். தட்டணு 20,000க்குக் கீழ் இறங்கிய, ஆனால் ரத்தம் கசியாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவதால் ரத்தக்கசிவு தடுக்கப்படவில்லை என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே, தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரிடம் வற்புறுத்தாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் புரூஃபெனும் தட்டணுக்களின் வேலையை முடக்கிவிடும்.

மணலி, எண்ணூர் புகைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். நுரையீரலுக்குப் போகும் தூசி எப்படி இதயத்தை அடைக்கும்?

அழற்சி வழியாக. நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் நுண்துகளை விழுங்கி, இன்டர்லூக்கின்-6ஐ வெளியிடுகின்றன. அது ரத்தத்தில் கலந்து உறையும் தன்மையைக் கூட்டுகிறது. 2007இல் எலிகளில் செய்த ஆய்வில், இன்டர்லூக்கின்-6 இல்லாத எலிகளுக்குத் துகள் கொடுத்தும் ரத்தம் விரைந்து உறையவில்லை. மறுஆண்டு, ஆரோக்கியமான தன்னார்வலர்களை நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்கவைத்துச் சோதித்தபோது, அவர்களின் ரத்தத்தில் உண்டாகும் உறைகட்டி பெரிதானது தெரிந்தது. இரண்டும் சிறு ஆய்வுகளே. ஆனால் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் காட்டும் திசையும் இதுதான். பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5. அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் லாரிப் போக்குவரத்தும் ஒன்றாகச் சூழ்ந்த பகுதியில் வாழ்பவர்களின் மாரடைப்பை உணவுப் பழக்கத்தின்மீதும் பீடியின்மீதும் மட்டும் சுமத்துவது நியாயமல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். இப்போது ரத்தம் உறையுமா?

இல்லை. அந்தத் தடுப்பூசியால் மிக அரிதாக வந்த உறைவு நோய், ஊசி போட்ட நான்காம் நாள் முதல் ஆறு வாரத்துக்குள் வந்தது. தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் தயாரித்ததே காரணம் என்று 2021இலேயே ஜெர்மனி, நார்வே மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆண்டுகள் கடந்தபின் அதற்காக, உறைகட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனை செய்துகொள்வது வீண்செலவு.

இவ்வளவு தெரிந்த பிறகு, அழற்சியை நிறுத்தி உறைவைத் தடுக்கும் மருந்து ஏன் எல்லோருக்கும் இல்லை?

முயன்று பார்த்திருக்கிறார்கள், கிடைத்த பாடங்கள் கசப்பும் இனிப்பும் கலந்தவை. உறைவையும் அழற்சியையும் சேர்த்து அடக்கும் புரோட்டீன் சி என்னும் இயற்கைப் புரதத்தின் செயலூக்கம் பெற்ற வடிவம் 2001இல் கடுமையான ரத்தத் தொற்றுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. முதல் ஆய்வில் இறப்பு 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைந்தது. ரத்தக்கசிவு என்னும் விலை இருந்தாலும் பெரும் நம்பிக்கை பிறந்தது. மறுபடி நடத்திய பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. 2011 அக்டோபரில் மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு வேறு திசையில் தெளிவு தந்தது. ஏற்கெனவே மாரடைப்பு கண்ட, சி.ஆர்.பி. கூடியிருந்த 10,061 பேரிடம், கொழுப்பைத் தொடாமல் அழற்சியின் ஒரு சமிக்ஞையை மட்டும் தடுத்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு சுமார் 15 சதவீதம் குறைந்தது. அழற்சிதான் ஒரு காரணம் என்பது நிரூபணமானது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின; மொத்த இறப்பு குறையவில்லை.

கோவிட் காலத்தில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை முழு அளவில் கொடுத்த ஆய்வுகளில், மிதமான நோய் உள்ளவர்களுக்குப் பலன் இருந்தது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இல்லை. எந்த மருந்து என்பதைவிட எந்தக் கட்டத்தில் என்பதே பெரிய கேள்வி.

தெளிவான வெற்றியும் ஒன்று உண்டு. பி.என்.ஹெச். என்னும் அரிய நோயில் சிவப்பணுக்களின்மேல் சிடி55, சிடி59 இல்லாமல் போய், காம்ப்ளிமென்ட் அவற்றை உடைக்கிறது. அந்த நோயாளிகளை அதிகம் கொல்வது ரத்தசோகை அல்ல, ரத்தக்கட்டி. 2007இல் அனுமதி பெற்ற எக்குலிசுமாப் சி5ஐத் தடுத்ததும் அந்தக் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. காம்ப்ளிமென்ட்டும் உறைவும் பிணைந்தவை என்பதற்கு மனிதரில் இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. விலை என்ன? மூளைக்காய்ச்சலைத் தரும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியை அழிக்க, காம்ப்ளிமென்ட் கடைசியில் இடும் அந்தத் துளை மிக அவசியம். ஆகவே மருந்து தொடங்கும் முன் அதற்கான தடுப்பூசி கட்டாயம். பண விலையும் சாதாரணக் குடும்பம் எட்டக்கூடியதல்ல, அது எனக்கு வேதனை தருகிறது.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடிகள் வாங்கலாமா?

எதைக் கூட்டுகிறது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். மேலே சொன்ன தொடர்கள் கூடினாலும் நோய்தான்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையை அறவே விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். அந்த மாத்திரை 2, 7, 9, 10ஆம் காரணிகளைக் கல்லீரல் முழுமையாக்க உதவும் வைட்டமின் கே-இன் வேலையைத் தடுக்கிறது; கீரையில் அந்த வைட்டமின் உண்டு. ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் இல்லாமலும் சாப்பிட்டால்தான், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அலைபாயும். வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிட்டு, ஐ.என்.ஆர். பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

என் மகளுக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. ரத்தம் உறையும் நோய் என்று ஊசி போடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

உடலில் தவறாக உருவாகும் எதிர்ப்பொருட்களால் ரத்தம் எளிதில் கட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயாக இருக்கலாம். 12 வார இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து உறுதிசெய்வார்கள். நஞ்சுக்கொடியின் குழாய்களில் ரத்தம் கட்டுவதால் கரு கலைகிறது என்றே முன்பு எண்ணினார்கள். 2004இல் எலிகளில் நடந்த ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது: ஹெப்பாரின் கருவைக் காப்பாற்றியது, உறைவை மட்டும் தடுக்கும் வேறு இரண்டு மருந்துகள் காப்பாற்றவில்லை. ஹெப்பாரின் காம்ப்ளிமென்ட்டையும் அடக்குவதே வேறுபாட்டுக்குக் காரணம். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் செல்வதில்லை. குறைந்த அளவு ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கும் இந்தச் சிகிச்சையால் பல பெண்கள் குழந்தை பெற்றிருக்கிறார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனையில் கர்ப்பம் தெரிந்த வாரமே பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

குழந்தைக்குச் சிரங்கு ஆறிய பிறகு முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. சி3 குறைவு என்கிறார்கள். வாழ்நாள் நோயா?

பெரும்பாலும் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று தோலில் வந்த சில வாரங்களில், எதிர்ப்பொருளும் கிருமியின் பகுதிகளும் சிறுநீரக வடிகட்டியில் படிந்து காம்ப்ளிமென்ட்டைச் செலவழிக்கின்றன. அதனால் ரத்தத்தில் சி3 குறைகிறது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறுகிறார்கள். சி3 ஆறு முதல் எட்டு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். குழந்தை நன்றாக ஓடியாடுகிறதே என்று அந்த இரண்டாம் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் வேறு சிறுநீரக நோயைத் தேட வேண்டியிருக்கும். எடுத்த ரத்த மாதிரியை வெயிலில் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் அலைய வேண்டாம், காம்ப்ளிமென்ட் புரதங்கள் சூட்டில் சிதையும். பரிசோதனை நடக்கும் இடத்துக்கே குழந்தையை அழைத்துச் சென்று ரத்தம் கொடுப்பது நல்லது.